புளிய மரத்துப் பொந்து

மர வியாபாரி கோடரியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் புளிய மரத்தை மூன்று முறை தட்டினார். முதல் தட்டில் 'டக்' என்றது. இரண்டடி மேலே தட்டியபோது 'டொம்' என்றது. இன்னும் கொஞ்சம் மேலே தட்டியபோது, காலிப் பானையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்கம்மா. பாதிக்கு மேல பொந்து. விறகு விலைக்குத்தான் போகும்" என்றார்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகும் வழியில் இருக்கிறது அந்தத் தோட்டத்து வீடு. வீட்டு அம்மாவுக்கு 68 வயது. மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறார். மகளும் அங்கேதான். கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. வீட்டில் இப்போது அந்த அம்மாவும், இரண்டு மாடுகளும், வாசலில் அந்தப் புளிய மரமும்தான்.

போன ஆடியில் அடித்த காற்றில் மரத்தின் ஒரு கிளை ஒடிந்து, மாட்டுக் கட்டுத்தரையின் கூரை மேல் விழுந்தது. ஓடுகள் நொறுங்கின. மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் தப்பித்தன. மகன் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டார்.

"அம்மா, இனிமே அந்த மரம் ஆகாது. நீ தனியா இருக்கே. நாளைக்கு வீட்டு மேல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று அந்தப் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அங்கே வெறும் பழமொழி அல்ல.

அந்த அம்மா மறுத்துப் பேசவில்லை. அதற்கு மகனிடம் சொல்லாத ஒரு காரணமும் இருந்தது.

அந்தப் பொந்தில் ஆந்தை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவில், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியுடன், மஞ்சள் கண்ணை உருட்டிக்கொண்டிருக்கும் புள்ளி ஆந்தை. கணவர் இறந்த இரவில் அது விடாமல் கத்தியது. துக்கத்துக்கு வந்த பெண்களில் ஒருவர், "வாசல்லயே சாக்குருவியைக் குடி வெச்சுக்கிட்டா வேற என்னாகும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் மூன்று வருடமாக நெஞ்சில் கிடக்கிறது. இரவில் ஆந்தை குரல் கேட்டால், எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

மரம் போனால் ஆந்தையும் போகும். போகட்டுமே என்றுதான் நினைத்தார்.

பொந்தின் வயது

தை மாதம் பேத்தி வந்தாள். மகள் வயிற்றுப் பேத்தி. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படிக்கிறாள். வியாபாரி வந்து போன கதையைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி விசித்திரமாக இருந்தது.

"அம்மிச்சி, இந்தப் பொந்து எப்ப வந்துச்சு?"

யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. ஆனால், யோசித்தால் அந்த அம்மாவுக்கு எல்லாம் நினைவில் இருந்தது.

அவர் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது வயது 20. மரம் அப்போதே பெரிய மரம். கணவரின் தாத்தா வைத்தது என்பார்கள். வந்த வருடமே ஆடிக் காற்றில் தெற்குப் பக்கத்துக் கிளை முறிந்தது. முறிந்த இடம் கிழிந்து, ஒரு சாண் அளவுக்குக் காயமாக நின்றது. மாமியார் அதில் சாணியை அப்பினார். ஐப்பசி மழையில் அது கரைந்துபோனது.

மகன் பிறந்த வருடம், அந்த இடத்தில் மழைக்குப் பிறகு தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தது. சில வருடம் கழித்து, ஒரு மரங்கொத்தி வந்து அதே இடத்தில் 'டொக் டொக்' என்று தட்டத் தொடங்கியது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. மைனா குடிவந்தது. பிறகு பச்சைக்கிளி. மகள் கல்யாணத்தின்போது பந்தல் போட்டவர்கள், பொந்துக்குள் கைவிட்டு முழங்கைவரை போகிறது என்று சிரித்தார்கள். அதற்கும் பிறகுதான் ஆந்தை.

"அப்படின்னா 48 வருஷம் ஆயிருக்கு" என்றாள் பேத்தி. "உங்க கல்யாணத்துக்கும் இந்தப் பொந்துக்கும் ஒரே வயசு அம்மிச்சி."

அந்த அம்மா மரத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

மரத்தின் நடுப்பகுதியை நம்மவர்கள் 'வைரம்' என்பார்கள். வைரம் பாய்ந்த கட்டை என்றால் உறுதிக்கு அடையாளம். உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியமே பிரித்துவைத்திருக்கிறது. ஆனால், இந்த வைரம் உயிருள்ள பகுதி அல்ல. மரத்தின் உயிர் இருப்பது பட்டைக்கு அடியில் உள்ள வெளி வளையங்களில். தண்ணீர் மேலே ஏறுவதும், இலை செய்த உணவு கீழே இறங்குவதும் அந்தப் பக்கம்தான். வைரம் என்பது பழைய வளையங்கள் கெட்டிப்பட்டு, தூண் போல நிற்பது.

கிளை முறிந்தாலோ, மின்னல் தாக்கினாலோ, தீயில் பட்டை கருகினாலோ அந்தத் தூணுக்கு ஒரு வாசல் திறந்துவிடுகிறது. காற்றில் மிதக்கும் பூஞ்சை விதைகள் அதில் இறங்குகின்றன. மரம் சும்மா இருப்பதில்லை. அழுகும் இடத்தைச் சுற்றி ஒரு தடுப்பு கட்டுகிறது. வருடா வருடம் புது வளையத்தை வெளியே சேர்க்கிறது. உள்ளே கரைந்துகொண்டே போக, வெளியே வளர்ந்துகொண்டே போகிறது. பொந்து விழுந்த மரம் நூறு வருடம்கூட நிற்பது இதனால்தான்.

ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் ஒரு புளிய மரப் பொந்தில்தான் வருடக்கணக்கில் அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. அந்தத் தலத்தில் புளிய மரத்தையே வணங்குகிறார்கள். இதைப் பேத்தி சொன்னபோது, "அது தெரியும் கண்ணு. ஆனா அதுல ஆந்தை இல்லையே" என்றார் அந்த அம்மா. பேத்திக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவள் எதுவும் பேசவில்லை.

"மாசியில எனக்கு ரெண்டு நாள் லீவு வருது. வால்பாறை போயிட்டு வரலாம் வாங்க" என்றாள்.

நாற்பது வளைவுகள்

ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த அம்மா அந்த வழியில் பலமுறை போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான். பஸ் திரும்பினால் அவருக்குத் தலை சுற்றும். இந்த முறை பேத்தி ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, வாயில் ஒரு எலுமிச்சை மிட்டாயைக் கொடுத்தாள்.

"கீழேயிருந்து மேலே போறதுக்குள்ள வேற வேற ஊர் மாதிரி மாறும். மரத்தை மட்டும் பாருங்க."

அடிவாரத்தில் காடு இலை கொட்டி நின்றது. காய்ந்த புல், பழுப்பு மண், கையை விரித்தது போன்ற மொட்டைக் கிளைகள். இது மலையின் மழை மறைவுப் பக்கம். இங்கே மரத்தில் பொந்து விழுவது மெதுவாகத்தான். பூஞ்சைக்கு மூன்று விஷயம் வேண்டும்: ஈரம், காற்று, மிதமான வெப்பம். கட்டையில் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் பூஞ்சையால் வேலை செய்ய முடியாது. வருடத்தில் பல மாதம் காய்ந்து கிடக்கும் காட்டில் அது விட்டு விட்டுத்தான் நடக்கும். மழைக்கு விழிக்கும், கோடைக்கு உறங்கும்.

அந்தக் குறையை நிரப்புவது கறையானும் தீயும். கறையான் மண்ணுக்கு அடியிலிருந்து வேர் வழியாக ஏறி, உள்கட்டையைத் தின்று குழாய் போலாக்குகிறது. கோடையில் புல்லில் பற்றும் தரைத் தீ, மரத்தின் அடியில் ஒரு பக்கத்தைக் கரித்துவிட்டுப் போகிறது. அடுத்த முறை தீ வரும்போது, பட்டை போன அதே வடுவில் மறுபடி பற்றுகிறது. இப்படி நாலைந்து தீயில் அடிமரத்தில் ஒரு குகை உருவாகிவிடும்.

"அப்ப தீ நல்லதா?" என்றார் அந்த அம்மா.

"எப்பவாவது வந்தா ஒரு பொந்து கிடைக்கும். அடிக்கடி வந்தா பொந்தோட சேர்த்து மரமே போயிடும்."

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை ஒரு கண்ணாடித் துண்டு போலக் கிடந்தது. அதற்கும் மேலே போகப் போக ஜன்னலில் குளிர்ந்த காற்று. அட்டகட்டி தாண்டியதும் மரங்கள் பச்சையாகின. பட்டைகளில் பாசி. கிளைகளில் பெரணிச் செடிகள். இலை உதிர்க்காத காடு.

வால்பாறை சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் கொட்டத் தொடங்கினால், வாரக்கணக்கில் வெயிலே தெரியாது. அருகில் உள்ள சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. வெடிப்பலா, பாலி, நாங்கு போன்ற உயர்ந்த மரங்கள் வளரும் மழைக்காடு இது.

இங்கே பொந்தின் கதையே வேறு. மழைக்காற்று மேல்கிளைகளை முறித்துப் போடுகிறது. முறிந்த இடம் காய்வதே இல்லை. ஈரமும் இதமான வெப்பமும் சேர்ந்து பூஞ்சைக்கு விருந்து வைக்கின்றன. அழுகல் வேகமாக உள்ளே இறங்குகிறது. ஆனால், ஈரக்காட்டில் மரம் தன் காயத்தை மூடிக்கொள்வதும் வேகம். மழையில் இளகிய மண்ணில் வேரோடு சாய்வதும் வேகம். ஆகவே, பொந்து நிறைய விழும் காட்டிலும்கூட, பெரிய பொந்தோடு உயரமாகவும் உறுதியாகவும் நிற்கும் மரம் அரிதுதான்.

குளிர் நாடுகளில் இன்னொரு கதை. அங்கே வருடத்தில் பாதி நாள் பூஞ்சை உறைந்து கிடக்கும். கடும் பனியில் மரத்தண்டே நீளவாக்கில் வெடிப்பதும் உண்டு. அந்த வெடிப்பும் பொந்துக்கு ஒரு வாசல்.

ஒரே மரத்தை மூன்று இடத்தில் நட்டால், மூன்று வேகத்தில் பொந்து விழும். பொந்தைச் செதுக்கும் உளி பூஞ்சையிடமும் கறையானிடமும் மரங்கொத்தியிடமும் இருக்கலாம். எவ்வளவு வேகமாகச் செதுக்கலாம் என்பதை முடிவு செய்வது மழையும் வெயிலும் காற்றும்தான்.

தேயிலைக்கு நடுவே

வால்பாறையில் எங்கே பார்த்தாலும் தேயிலை. அதற்கு நிழல் தர வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள். நேராக, ஒல்லியாக, கிளை வெட்டப்பட்டு நின்றன.

"இதுல பொந்து இருக்குமா?" என்று இப்போது அந்த அம்மாவே கேட்டார்.

"இதெல்லாம் சின்ன வயசு அம்மிச்சி. கிழவி ஆனாத்தான் பொந்து விழும்."

"உன்ற வாயி இருக்குதே..." என்று அவர் பேத்தியின் தலையில் செல்லமாகத் தட்டினார்.

சில்வர் ஓக்கின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. பொந்துகளின் அருமையை நன்றாக உணர்ந்த நாடு அது. காரணம், அங்கே மரங்கொத்தியே கிடையாது. பூஞ்சை, கறையான், தீ, புயல் இவைதான் அங்கே பொந்து செய்ய வேண்டும். யூகலிப்டஸ் மரத்தில் ஓர் உயிரினம் குடியிருக்கும்படி பொந்து விழ நூறு வருடத்துக்கு மேல் ஆகும். பெரிய கிளிகளும் ஆந்தைகளும் தங்கும் அளவுக்கு என்றால் 200 வருடம்கூட ஆகலாம்.

விக்டோரியா மாநில மலைக்காடுகளில் லெட்பீட்டர் போசம் என்ற சின்னஞ்சிறு பிராணி இருக்கிறது. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது, 1961-ல் மறுபடி கண்ணில் பட்டது. பழைய மரப் பொந்துகள்தான் அதன் வீடு. 2009 பிப்ரவரி 7-ம் தேதி, கடும் வறட்சியும் அனல் காற்றும் சேர்ந்த நாளில் அந்த மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அந்தப் போசம் வாழ்ந்த காட்டில் ஒரு பெரிய பகுதியும் எரிந்தது. மரம் மறுபடி முளைக்கும். பொந்துக்கு எங்கே போவது? அதற்கு இன்னொரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டும்.

பருவநிலை மாறுகிறது என்று தினமும் செய்தியில் கேட்கிறோம். வறட்சி நீண்டால் முதலில் சாய்பவை பெரும்பாலும் வயதான பெரிய மரங்கள்தான். அவற்றின் உச்சிவரை தண்ணீர் ஏறுவதே பெரும்பாடு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, தென்னைகளோடு எத்தனையோ பழைய மரங்களும் ஒரே இரவில் விழுந்தன. மெதுவான காற்று ஒரு கிளையை முறித்து, ஒரு பொந்தைத் தொடங்கிவைக்கிறது. பெருங்காற்று மரத்தையே எடுத்துக்கொண்டு போகிறது. செய்வதற்கு 50 வருடம், அழிப்பதற்கு ஒரு ராத்திரி. இந்தக் கணக்குதான் இப்போது உதைக்கிறது.

உள்ளே ஒருத்தி

மறுநாள் காலையில், எஸ்டேட்டை ஒட்டிய ஒரு சிறு காட்டுத் துண்டின் அருகே பேத்தி நிறுத்தினாள். சாலையிலிருந்தே பார்க்கலாம், கிட்டே போகக் கூடாது, சத்தம் கூடாது என்றாள். பைனாகுலரை அந்த அம்மாவின் கண்ணில் வைத்துச் சரிசெய்தாள். தூரத்தில் வானத்தைத் தொடும் ஒரு மரம். அதன் தண்டில், மிக உயரத்தில், நீளமான ஒரு பிளவு. அவ்வளவுதான் தெரிந்தது.

"அதுக்குள்ள ஒரு பொம்பளை இருக்கா" என்று பேத்தி காதோரம் கிசுகிசுத்தாள்.

இருவாச்சி. மூன்றடிக்கும் மேல் நீளமும், மூன்று கிலோவை ஒட்டிய எடையும் கொண்ட பெரிய பறவை. கேரளத்தின் மாநிலப் பறவையும் இதுதான். மஞ்சளாக, மேலே கொண்டை வைத்தது போன்ற பெரிய அலகு. அவ்வளவு பெரிய அலகு இருந்தும், அதனால் மரத்தைக் குடைய முடியாது. தானாக விழுந்த பொந்தைத் தேடித்தான் குடிபோக வேண்டும். அதன் உடம்பு நுழைகிற, உள்ளே குஞ்சு வளர இடம் உள்ள பொந்து எல்லா மரத்திலும் கிடைக்காது. அதனால், கிடைத்த பொந்தை வருடா வருடம் தேடி வருகிறது.

மழை நின்று, காட்டில் பழங்கள் பழுக்கத் தொடங்கும் ஜனவரியை ஒட்டி பெண் இருவாச்சி பொந்துக்குள் போகிறது. எச்சம், பழச்சக்கை, மண் எல்லாவற்றையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே அடைக்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். அதன் பிறகு ஏறக்குறைய நான்கு மாதம் வெளியே வருவதில்லை. உள்ளேயே முட்டையிட்டு, சிறகுகளை உதிர்த்து, குஞ்சு பொரித்து, வளர்க்கிறது.

வெளியே கோடை கொளுத்தும்போது பொந்துக்குள் குளிர்ச்சியாக இருக்கும். இரவில் வெளியே நடுங்கும்போது உள்ளே கதகதப்பு. தடித்த மரச்சுவர் செய்யும் வேலை அது. பலகையில் செய்து மாட்டும் கூண்டுப் பெட்டிகளில் இந்தச் சுகம் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. வெயிலில் அவை சீக்கிரம் சூடாகிவிடும்.

"சாப்பாடு?" என்றார் அந்த அம்மா.

பேத்தி பதில் சொல்வதற்குள் வானத்தில் ஒரு சத்தம். ரயில் இன்ஜின் மூச்சு விடுவது போல 'ஹுஸ்... ஹுஸ்...' என்று சிறகடிப்பு. ஆண் இருவாச்சி வந்து மரத்தில் இறங்கியது. பிளவின் அருகே தொற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரு பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்தது. உள்ளிருந்து ஒரு அலகு நுனி நீண்டு வாங்கிக்கொண்டது. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். பிறகு பறந்துபோனது.

"அது ஒரு நாள் வரலைன்னா?"

"உள்ள இருக்கறவங்க பாடு திண்டாட்டம்தான் அம்மிச்சி."

அந்த அம்மா பைனாகுலரை இறக்கவே இல்லை. கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டதால் ஒன்றும் தெரியாமல் போனபோதும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கணவருக்கு முடியாமல் போன கடைசி ஆறு மாதம் அவர்தான் ஊட்டிவிட்டார். அதற்கு முன் 45 வருடம், சந்தையிலிருந்து வரும்போதெல்லாம் அவர் துண்டில் முடிந்து எதையாவது கொண்டுவருவார். பொரிகடலை, கொய்யா, ஒருமுறை நான்கே நான்கு ஜிலேபி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவராகவே கேட்டார்.

"கண்ணு, அந்த ஆந்தையும் இப்படித்தானா?"

"வாசலை அடைக்காது. மத்தபடி ஜோடியாத்தான் இருக்கும். பொட்டை அடைகாக்கும், ஆண் இரை கொண்டாந்து கொடுக்கும். எலி, பூச்சி, வெட்டுக்கிளி எல்லாம் தின்னும். ராத்திரி முழிச்சிருக்கற பறவை ராத்திரிதான் கத்தும் அம்மிச்சி. அப்புச்சி போன அன்னைக்கு மட்டும் கத்தலை. அதுக்கு முந்தின நாளும் கத்தியிருக்கும். நாமதான் தூங்கியிருப்போம்."

அந்த அம்மா வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காடு பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறி, வெயில் ஏறியது.

மகனும் மரமும்

மகன் ஒப்புக்கொள்வது அவ்வளவு சுலபமாக இல்லை. "ஆந்தைக்காக உன்னைப் பணயம் வெக்க முடியுமா?" என்றார். அந்தக் கேள்வியும் நியாயம்தான். அப்படியானால் பொந்தைச் சிமென்ட் போட்டு அடைத்துவிடலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார்.

பேத்திதான் மாமனிடம் பேசினாள். சிமென்ட் மரத்தோடு சேர்ந்து அசையாது. காற்றில் மரம் ஆடும்போது உரசிப் புதுக் காயம் உண்டாகும். உள்ளே ஈரம் தேங்கி அழுகல் கூடும். அந்தக் காலத்தில் செய்தார்கள். இப்போது மரம் அறிந்தவர்கள் செய்வதில்லை.

பொந்து விழுந்ததாலேயே மரம் விழுந்துவிடும் என்பதும் இல்லை. சைக்கிளின் இரும்புக் குழாய் உள்ளே காலியாக இருந்தும் ஆளைத் தாங்குகிறது. மரமும் அப்படித்தான். சுற்றியுள்ள நல்ல கட்டையின் தடிமன், மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் பெரும்பாலும் தாங்கும் என்பது மரத்தைச் சோதிப்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. பொந்தின் வாய் அகலமாக இருந்தாலோ, வேர் அழுகியிருந்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ கணக்கு மாறும். தெரிந்தவர் வந்து பார்க்காமல், வெட்டவும் கூடாது, விட்டுவைக்கவும் கூடாது.

பார்க்க ஆள் வந்தது. மரம் ஏறிப் பழகிய ஒருவரும் கூடவே வந்தார். அடிமரமும் வேரும் நன்றாக இருந்தன. பொந்து மேலே இருந்தது, சுவர் போதுமான தடிமன். ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. காய்ந்துபோன ஒரு பெருங்கிளை வீட்டுப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. காற்று வரும் பக்கத்தில் தலைப்பாரமும் அதிகம்.

கிளையை எடுப்பது, தலையைக் கொஞ்சம் குறைப்பது, கட்டுத்தரையை மரத்தடியிலிருந்து தள்ளிப் போடுவது என்று முடிவானது. வருடா வருடம் ஒருமுறை மரத்தைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மகன் சம்மதித்தார்.

"இப்பவே வெட்டிடலாமா?" என்று கேட்டார் மரம் ஏறுபவர்.

"வேண்டாமுங்க. உள்ள குஞ்சு இருக்கும். பறந்து போகட்டும்" என்றார் அந்த அம்மா. "வைகாசியில வாங்க. ஆடிக்கு முன்னால முடிச்சாப் போதும்."

சித்திரையில் ஒரு சாயங்காலம், வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தபோது பொந்தின் வாயில் இரண்டு உருண்டைத் தலைகள் தெரிந்தன. மேலும் கீழும் ஆட்டி ஆட்டி அவரையே பார்த்தன. வைகாசியில் குஞ்சுகள் கிளைக்குக் கிளை தாவின. அதன் பிறகு ஆள் வந்து, காய்ந்த கிளையை இறக்கினார்கள். வெட்டிய இடத்தில் யாரும் சாணி அப்பவில்லை.

ஆடி பிறந்தது. ஒரு ராத்திரி காற்று வெறிபிடித்தது போல அடித்தது. கரன்ட் போய்விட்டது. தென்னை மட்டைகள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மகன் நான்கு முறை போன் செய்தார். அந்த அம்மா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

விடியும்முன் காற்று தணிந்தது. எல்லாம் அடங்கிய அந்த நேரத்தில் மரத்திலிருந்து ஆந்தை கத்தியது. அவர் எழுந்து உட்காரவில்லை. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு போய்ப் படுத்தார்.

காலையில் பேத்தியிடமிருந்து போன்.

"அம்மிச்சி, மரம் எப்படி இருக்கு?"

"இருக்குது கண்ணு. அவிய தாத்தா வெச்ச மரமாச்சே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எல்லாரும் இருக்கறாங்க" என்றார்.